என்டர் தட்டியபின் இரண்டு நொடி

2 ஜூலை

அண்ணா,

நலமா என்று கேட்டு ஒரு வரியை வீணாக்கப் போவதில்லை. நேற்று ஃபோனில் அண்ணி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். செங்கல் செத்து இருபத்து மூன்று நாள் ஆகிறதாம். அன்றிலிருந்து நீ சிலேட்டில் எழுதிக் காட்டிக்கொண்டிருக்கிறாயாம். எனக்கு மட்டும் ஒரு வார்த்தை இல்லை. நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பதாவது நினைவிருக்கிறதா? லிஃப்டுக்குள் இருக்கிற சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கிற வேலை. முன்பின் தெரியாதவர்கள் நாலாவது மாடியில் மாட்டிக்கொண்டால் என்னைக் கூப்பிடுகிறார்கள். சொந்த அண்ணன் குரல் போனால் கூப்பிட மாட்டானா?

பதினாறு வருஷத்துக்கு முன்னால் தொண்டை ஆபரேஷனில் உன் குரல் போனபோது, மருத்துவமனையின் பேச்சுப் பயிற்சியாளர் தூக்கிக் கொடுத்த மடிக்கணினி அது, கனத்தைப் பார்த்துச் செங்கல் என்று பெயர் வைத்தோம். அப்போதே அது பழசு. தட்டியதைப் பேசுகிற நிரலை எந்தக் கல்லூரி மாணவன் எழுதினான் என்று அவருக்கே தெரியாது. உலகத்தில் அதற்கு வேறு பிரதி கிடையாது. ஆறு வருஷமாக ஒரு காப்பி எடுத்து வைக்கிறேன் என்கிறேன். ‘அதைத் தொடாதே’ என்றாய். தொடவில்லை. அதுவாகவே செத்தது. திருப்தியா?

போன வருஷம் நான் அனுப்பிய பேசும் டேப்லெட் அலமாரியில் போர்வைக்கு அடியில் இருப்பதும் தெரியும். அதைப் பற்றி அப்புறம் பேசுகிறேன்.

இப்போது செய்ய வேண்டியது இது. செங்கலைக் கவிழ்த்துப் போடு. இடது ஓரத்தில் இரண்டு திருகாணி. கழற்றினால் சீட்டுக்கட்டு மாதிரி ஒரு டிஸ்க் வரும். அதைப் பஞ்சில் சுற்றிப் பதிவுத் தபாலில் அனுப்பு. என்னிடம் உள்ளங்கை அளவுக் கணினி ஒன்று இருக்கிறது. ஒரே போர்டு, விசிறி கிடையாது, ஃபோன் சார்ஜரில் ஓடும். அதில் எமுலேட்டர் என்று ஒரு நிரல் போடுவேன். அது பழைய கணினியாக நடிக்கும். பழைய சிப், பழைய கறுப்புத் திரை, எல்லாம் வேஷம். உள்ளே ஓடுகிற உன் பேச்சு நிரலுக்கு, தான் இன்னும் செங்கலுக்குள்தான் இருக்கிறோம் என்ற நினைப்பு மாறாது.

ஆகஸ்ட் 19 உன் பள்ளிக்கூடம் திறக்கிறது. சிலேட்டை வைத்துக்கொண்டு எட்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தப் போகிறாயா? ஏன் எனக்குச் சொல்லவில்லை? டிஸ்க்கை எப்போது அனுப்புவாய்? நாளைக்கே முடியுமா?

தம்பி

*

7 ஜூலை

அருமைத் தம்பிக்கு,

திட்டி எழுதினாலும் உன் கையெழுத்து மணி மணியாக இருக்கிறது. உன் கடிதத்தில் ஏழு கேள்விகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது. கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில்: இதோ அனுப்பிவிட்டேன்.

டிஸ்க்கைச் சுற்ற வீட்டில் பஞ்சு இல்லை. வாண்டு தன் கம்பளிக் காலுறையைக் கொடுத்தாள். “சித்தப்பாவ சாக்ஸத் திருப்பி அனுப்பச் சொல்லு. ஒத்தக் காலோட நான் என்ன பண்றது?” என்கிறாள். எட்டு வயதில் உன் வாய் அவளுக்கு.

தலைமையாசிரியை வீட்டுக்கே வந்தார். நல்ல மனுஷி. அரைமணி நேரம் வெயிலைப் பற்றிப் பேசிவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார். “சார், தப்பா எடுத்துக்காதீங்க. திறக்கற அன்னைக்குக் குரல் இருந்தா எட்டு பி உங்களுக்கு. இல்லேன்னா புத்தக அறையப் பாத்துக்கங்க. அதுல மரியாதைக் குறைச்சல் ஒண்ணும் இல்ல” என்றார். இல்லைதான். ஆனால் புத்தகம் ஒருநாளும் தப்பாகப் பதில் சொல்லாது. எனக்குத் தப்பாகச் சொல்கிறவர்கள் வேண்டும். அவர்களை வைத்துத்தான் என் பிழைப்பு.

டேப்லெட்டைப் பற்றி நீயே எடுத்ததால் சொல்கிறேன். குறை சொல்ல முடியாத குரல். வானொலியில் செய்தி வாசிக்கப் போகலாம். அதில் நான் முதன்முதலில் வாண்டுவைச் சாப்பிடக் கூப்பிட்டேன். அவள் சமையலறைக்குள் ஓடி, “அம்மா, ஹால்ல யாரோ ஒரு மாமா வந்திருக்காரு” என்றாள். அதற்குப் பிறகு எனக்கு அதைத் தொட மனமில்லை. இதை உனக்கு எழுதவும் மனமில்லை. ஆசையாக வாங்கி அனுப்பியிருந்தாய்.

ஒரே ஒரு வேண்டுகோள். எதையும் திருத்தாதே. இருந்தது இருந்தபடி வேண்டும்.

அண்ணன்

*

22 ஜூலை

அண்ணா,

பேசிவிட்டது!

டிஸ்க் பாதி சொத்தை. படித்து எடுக்கவே ஒன்பது மணி நேரம் ஆனது. நல்லவேளையாக நிரல் இருந்த பகுதி பிழைத்தது. எமுலேட்டரில் ஏற்றினேன். கறுப்புத் திரை வந்தது, சத்தம் வரவில்லை. செங்கலில் இருந்த ஒலிச் சிப்பைத் தேடி அது இல்லை என்று உன் நிரல் முரண்டு பிடித்தது. உன்னிடம் எவ்வளவு வருஷம் இருந்தது, பிடிவாதம் வராமல் இருக்குமா? மூன்று நாள் மல்லுக்கட்டி, அந்தச் சிப்பைப் போலவும் நடிக்க வைத்தேன்.

நீ பேசிய வாக்கியத்தையெல்லாம் அது தேதி போட்டுச் சேமித்து வைக்கிறது, தெரியுமா? கடைசியாக இருந்ததை ஓட்டினேன். “எட்டு பி, வீட்டுப்பாடத்தை எடு” என்றது. நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்து மேஜைக்காரன் எட்டிப் பார்த்தான்.

“யாருடா அது?”

“எங்க அண்ணன்.”

“ரோபோ மாதிரி பேசறாரு?”

“உன்ன மாதிரி உளறல இல்ல? வேலையப் பாரு.”

இப்போது கோபப்படாமல் கேள். மூன்றே மூன்று சின்ன விஷயம் செய்திருக்கிறேன். ஒன்று, செங்கல் பேசுவதற்கு முன்னால் ‘டப்’ என்று ஒரு சத்தமும் ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஓர் இரைச்சலும் வருமே, அது இப்போது கிடையாது. ஒலி சுத்தமாக இருக்கிறது. இரண்டு, வேகம். பழைய சிப் ஒரு வாக்கியத்தைக் கணக்குப் போட்டு முடிக்க இரண்டு நொடி எடுத்தது. எமுலேட்டரில் வேகத்தை உச்சத்தில் வைத்துவிட்டேன். என்டர் தட்டினால் அந்தக் கணமே பேசும். மூன்று, ழகரம் சரியாக வருகிறது. பதினாறு வருஷமாக நீ ‘கலித்தல்’ சொல்லிக்கொடுத்தது போதும்.

பெட்டி, சின்ன விசைப்பலகை, ஒலிபெருக்கி எல்லாம் வைத்திருக்கிறேன். சட்டைப்பையில் வைக்கிற பேட்டரியில் ஒரு பள்ளி நாள் முழுக்க ஓடும். செங்கல் முக்கால் மணி நேரம்கூடத் தாங்காது. கடிதத்துக்குள் மடித்து வைத்திருப்பது உபரி மெமரி கார்டு. தொலைத்துவிடாதே. காலுறையும் இருக்கிறது.

எப்படி இருக்கிறது என்று உடனே எழுது. உடனே என்றால் உடனே.

தம்பி

*

28 ஜூலை

அருமைத் தம்பிக்கு,

பெட்டி வந்தது. தட்டினேன். என் குரல் வந்தது. அண்ணி கையில் இருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு, “இன்னொரு தடவை” என்றாள். இன்னொரு தடவை சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அதுக்குள்ள அடுப்பப் பாருன்னு சொல்லணுமா?” என்றாள். பால் பொங்கிவிட்டது. அந்த ஒரு நிமிஷத்துக்காக உனக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கடமைப்பட்டவன். முதலில் இதை ஏற்றுக்கொள். மீதியை அப்புறம் படி.

எட்டு பி-யிலிருந்து ஆறு பேரை வீட்டுக்கு வரச்சொல்லிப் பாடம் நடத்திப் பார்த்தேன். ஒத்திகை. நடக்கவில்லை. நான் தட்டியதும் பேசிவிடுகிறது. அவர்கள் பேச்சுக்கு நடுவில் போய் விழுகிறது. யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “சார் ஏதோ சொன்னாரா?” என்று ஒருவன் பக்கத்தில் இருப்பவனைக் கேட்கிறான். நாலு தடவை சொன்னேன். நாலு தடவையும் பேச்சு என்னைத் தாண்டிப் போய்விட்டது. வாண்டுவும் அப்படித்தான். முதுகைக் காட்டிக்கொண்டு வரைந்துகொண்டே இருக்கிறாள்.

மூன்றாம் நாள்தான் புரிந்தது. உனக்கெல்லாம் பேசுவதற்கு முன்னால் வாய் அசைகிறது, மூச்சு இழுக்கிறது, தொண்டை செருமுகிறது. எதிரே இருப்பவன் அதைப் பார்த்து நிறுத்திக்கொள்கிறான். எனக்கு அந்த ‘டப்’பும் ‘ஸ்ஸ்ஸ்’ஸும்தான் இருந்தன. அந்த இரண்டு நொடியில் நாற்பது பிள்ளைகள் வாயை மூடுவார்கள். நீ இரைச்சல் என்று எடுத்துப் போட்டது என் மூச்சு.

எதையும் திருத்தாதே என்று எழுதியிருந்தேன்.

ஏன் உனக்குச் சொல்லவில்லை என்று கேட்டாய் அல்லவா? அதையும் சொல்லிவிடுகிறேன். போன டிசம்பரில் பன்னிரண்டு நாள் இங்கே இருந்தாய். நான் என்டர் தட்டுவேன். செங்கல் மூச்சு இழுக்கும். அது வாய் திறப்பதற்குள் நீ “புரியுதுண்ணா” என்பாய். சாப்பாட்டு மேஜையில் உனக்கு உப்பு வேண்டுமா என்று தட்டினேன். “வேலைய மாத்தறதப் பத்தித்தானே, பாத்துக்கலாம்” என்றாய். உப்பு இல்லாமலே சாப்பிட்டு எழுந்தாய். சிறு வயதிலிருந்து இப்படித்தான். நான் கோபித்துக்கொண்டதில்லை. ஆனால் பஸ் நிலையத்தில், கடைசி நாள், தோளில் செங்கலை மாட்டிக்கொண்டு நின்றபடி ஒன்று தட்டினேன். நீ “சரிண்ணா, புரியுது, வரேன்” என்று ஏறிவிட்டாய். செங்கல் அதைக் கிளம்பிப் போகிற பஸ்ஸிடம்தான் சொன்னது. பக்கத்தில் நின்ற ஒருவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

அதனால்தான் தம்பி, குரல் போனபோது உன்னிடம் சொல்லி என்ன, எப்படியும் கேட்கப் போவதில்லை என்று ஒரு வீம்பு. என் பக்கமும் தப்பு இருக்கிறது.

இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. புத்தக அறை சாவியை எடுத்து வைத்திருப்பதாகத் தலைமையாசிரியை சொல்லியனுப்பினார்.

அண்ணன்

*

2 ஆகஸ்ட்

அண்ணா,

ரொம்ப நல்லாயிருக்கிறது. இரண்டு வாரம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு உழைத்தவனுக்கு இது கிடைக்க வேண்டியதுதான். வேகமாக்கினால் தப்பு, சுத்தமாக்கினால் தப்பு, ழகரத்தைச் சரியாக்கினால் அதுவும் தப்பாகத்தான் இருக்கும். உலகத்தில் எல்லாரும் வேகமான கணினி கேட்கிறார்கள். எங்கள் அண்ணனுக்கு மட்டும் மெதுவான கணினி வேண்டும், அதுவும் இரைச்சலோடு. உப்புக் கதையெல்லாம் எட்டு மாதம் மனதில் வைத்திருந்து

4 ஆகஸ்ட்

மேலே இருப்பதை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். வேண்டாம், இருக்கட்டும். எழுதியது நான்தானே.

இன்று ஆபீஸ் விடுமுறை. எமுலேட்டரில் வேகத்துக்கு ஓர் எண் இருக்கிறது. அதைக் குறைத்துக் குறைத்துச் செங்கல் எவ்வளவு மெதுவாக இருந்ததோ அந்த இடத்துக்குக் கொண்டுவந்தேன். பிறகு சேமித்த வாக்கியங்களில் டிசம்பர் மாதத்தைத் தேடினேன். நான் கிளம்பிய தேதியில், காலை 9.40-க்கு ஒரு வாக்கியம் இருந்தது. திரையில் படிக்கவில்லை. கையால் மறைத்துக்கொண்டு என்டர் தட்டினேன்.

அண்ணா, அது பேசத் தொடங்குவதற்குள் நான் “சரி, புரியுது” என்று சொல்லிவிட்டேன். வாய்விட்டு. அறையில் என்னைத் தவிர ஆளில்லை.

அப்புறம் அது சொன்னது: “அடுத்த தடவை வரும்போது இன்னும் பத்து நாள் கூட இரு. நீ போனால் வீட்டில் என்னோடு சண்டை போட ஆளில்லை.”

கடிகாரத்தை வைத்து அளந்தேன். என்டருக்கும் முதல் எழுத்துக்கும் நடுவில் 2.1 நொடி. லிஃப்ட் கதவு மூடவே அதைவிட அதிக நேரம் ஆகும். பதிமூன்று வயதிலிருந்து இந்த 2.1 நொடியை நான் ஒரு தடவைகூடப் பொறுத்துக்கொண்டதில்லை. உனக்காக வேகத்தைக் கூட்டினேன் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. எனக்காகத்தான்.

சரி, அழுது முடித்தாயிற்று, இப்போது வேலை. வேகம் பழையபடி. ழகரமும் பழையபடி, இனி கலித்துக்கொண்டே இரு. பிரச்சினை அந்தச் சத்தம்தான். ‘டப்’பும் ‘ஸ்ஸ்ஸ்’ஸும் நிரலில் இல்லை. அது செங்கலின் ஒலிச் சுற்றில் மின்சாரம் பாயும்போது வந்தது. டிஸ்க்கில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. எமுலேட்டரில் ஒரு பதிவை மாட்டி, பேசுவதற்கு முன் ஓட வைக்க என்னால் முடியும். ஆனால் பதிவு வேண்டும். யாராவது ஃபோனில் வீடியோ எடுத்தது, பள்ளி விழாவில் எடுத்தது, ஏதாவது இருக்கிறதா? இருந்தால் உபரி கார்டில் போட்டு அனுப்பு. உடனே என்று எழுத வந்தது. எழுதவில்லை.

தம்பி

*

9 ஆகஸ்ட்

அருமைத் தம்பிக்கு,

வீடு முழுக்கத் தேடினோம். வீடியோ எடுத்தவர்கள் எல்லாரும் நான் பேசுவதைத்தான் எடுத்திருக்கிறார்கள். மூச்சு இழுப்பதை யாரும் எடுக்கவில்லை. தற்செயலாகப் பதிவான ஒன்றிரண்டிலும் பின்னால் மிக்ஸி ஓடுகிறது.

நானும் அண்ணியும் சோர்ந்து உட்கார்ந்திருந்தோம். பக்கத்து அறையில் ‘டப்’ என்றது. பிறகு ‘ஸ்ஸ்ஸ்’. இருவரும் துள்ளி எழுந்தோம். செங்கல் உயிர்த்துவிட்டதா என்று ஓடிப் போய்ப் பார்த்தால், வாண்டு பொம்மைகளை வரிசையாக உட்காரவைத்து ‘அப்பா விளையாட்டு’ ஆடுகிறாள். நாக்கை அண்ணத்தில் தட்டி ஒரு டப், பல்லுக்கு நடுவில் ஒரு ஸ்ஸ்ஸ். அப்புறம்தான் பொம்மைகளைத் திட்டத் தொடங்குகிறாள். எத்தனை நாளாக இந்த விளையாட்டு என்று கேட்டேன். “எப்பவும்தான்” என்றாள்.

கார்டில் இருப்பது அதுதான். உதவுமா பார்.

உன் நாலாம் தேதிக் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். இரண்டாம் தேதியை ஒரு தடவைதான் படித்தேன்.

அண்ணன்

*

13 ஆகஸ்ட்

அண்ணா,

பதினாலு தடவை செய்திருக்கிறாள். பதிமூன்றில் கடைசியில் சிரித்துவிடுகிறாள். ஆறாவது மட்டும் சுத்தம். அளந்து பார்த்தேன்: 2.0 நொடி. செங்கலுக்கும் அவளுக்கும் வித்தியாசம் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு. எங்கள் கம்பெனியில் ஒரு பாகம் இவ்வளவு துல்லியமாக இருந்தால் மேலாளர் கேக் வெட்டுவார். அதை அப்படியே மாட்டியிருக்கிறேன். திருத்தவில்லை, சத்தத்தைக் கூட்டவில்லை. சிரித்த பதிமூன்றையும் தனிக் கோப்பில் வைத்திருக்கிறேன். அது எனக்கு.

பழைய கார்டை எடுத்துவிட்டு இதைப் போடு. ‘வேகம்’ என்று ஒரு கோப்பு இருக்கும், அதற்குள் ஓர் எண். அதைக் கூட்டினால் பெட்டி என்னைப் போல ஆகிவிடும். தொடாதே. (இதைச் சொல்கிற நிலைமை எனக்கே வந்துவிட்டது.)

பள்ளி திறந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு ஃபோன் செய்கிறேன். அண்ணியிடம் இல்லை, உன்னிடம் பேச. பெட்டியை ஃபோன் பக்கத்தில் வைத்துக்கொள். நீ பேசு. நான் இருக்கிறேன்.

தம்பி

*

26 ஆகஸ்ட்

அருமைத் தம்பிக்கு,

முதலில் பள்ளிக்கூடம். பத்தொன்பதாம் தேதி நான் போனபோது எட்டு பி ரயில்வே பிளாட்பாரம் மாதிரி இருந்தது. நாற்பத்தொரு பேர், இரண்டு மாதக் கதை. தலைமையாசிரியை வாசலில் நின்றார். கையில் சாவிக்கொத்து. அதில் எது புத்தக அறைச் சாவி என்று எனக்குத் தெரியும். பெட்டியை மேஜையில் வைத்தேன். தட்டினேன். டப். ஸ்ஸ்ஸ்.

கடைசி பெஞ்சில் ஒருவன், “டேய், சாரு” என்றான். அவ்வளவுதான். ஜன்னல் கதவு ஆடுகிற சத்தம் கேட்டது. “எட்டு பி, போன வருஷம் மறந்ததை எல்லாம் எடு” என்றேன். சிரித்தார்கள். நான் சொல்லி முடித்த பிறகு சிரித்தார்கள், தம்பி. அந்த இடைவெளியின் அருமை உனக்கு இப்போது தெரியும். திரும்பிப் பார்த்தால் வாசலில் தலைமையாசிரியை இல்லை. மதியம் ஒட்டிய கால அட்டவணையில் என் வகுப்பு என் பெயரிலேயே இருந்தது.

முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி மட்டும் கண்டுபிடித்துவிட்டாள். “சார், உங்க மூச்சுக்கு மட்டும் வயசு குறைஞ்சிடுச்சு” என்றாள். அவளுக்குக் கணக்கு நன்றாக வரும்.

வாண்டு இப்போது வீட்டில் பெரிய ஆள். நான் எது சொன்னாலும், “நான் ஸ்டார்ட் பண்ணினதுதானே” என்கிறாள்.

இனி நேற்றைக்கு வருகிறேன். பதினொரு மணிக்குச் சரியாக ஃபோன் அடித்தது. எடுத்துப் பெட்டி பக்கத்தில் வைத்தேன். தட்டினேன். டப், ஸ்ஸ்ஸ், பேசியது. மறுமுனையில் நீ குறுக்கே வரவில்லை. சரி, இப்போது பதில் சொல்வாய் என்று காத்திருந்தேன். சத்தமில்லை. இன்னும் காத்திருந்தேன். முழுசாக ஒரு நிமிஷம். லைன் போய்விட்டது என்று சைகை காட்டி அண்ணியிடம் கொடுத்தேன். அவள் “ஹலோ” என்றதும் நீ சொன்னாயாம்:

“இருக்கேன் அண்ணி. அண்ணன் இன்னும் ஏதாவது தட்டறாரோன்னு பாத்துட்டிருக்கேன்.”

அண்ணி சிரித்த சிரிப்பில் நீ அப்புறம் சொன்னது எதுவுமே என் காதில் விழவில்லை. அதனால் எழுத்தில் கேட்கிறேன். நான் தட்டியது, “சாப்பிட்டாயா?” அவ்வளவுதான். இதற்கு ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டியதில்லை. இரண்டு நொடி போதும்.

டிசம்பரில் எத்தனை நாள் லீவு என்று எழுது. உப்பு மேஜைமேல்தான் இருக்கும், நீயே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

அண்ணன்